எண்பதாவது அடி

"எண்பது அடிக்குக் கீழ இன்னா இருக்குதுங்கம்மா?"

ருக்ஷானா திரும்பிப் பார்த்தாள். கொட்டகை வாசலில் ஒருவனும் ஒருத்தியும் நின்றிருந்தார்கள். முப்பது வயதுதான் இருக்கும். முகத்தில் மட்டும் அதைவிட அதிகமாக மூப்பு ஏறியிருந்தது.

"யாருங்க நீங்க?"

"கரியன்ங்க. இது என் சம்சாரம் பொன்னாயி. கல்வராயன் மலை, வெள்ளிமலைக்கு அந்தாண்ட. நீங்க பூமியத் தொளச்சிக் கல்லு எடுக்கறதா பஸ்ஸுல பேசிக்கினாங்க. அதான் வந்தோம்."

எலவனாசூர்கோட்டைக்கு வெளியே இருந்த அந்தக் கொட்டகை முழுக்க மரப்பெட்டிகள். பெட்டிக்குள் வரிசை வரிசையாகக் கல் உருளைகள். எல்லாம் ஆழத் துளையிட்டு உருவியவை. இந்தப் பகுதியின் அடியில் கிடக்கும் பழைய பாறை தரைக்கு மேல் எங்கேயும் தலைகாட்டுவதில்லை. அப்படி ஒன்று இருப்பதே இந்த உருளைகளை வைத்துத்தான் தெரியும். அதன் நிறம், மணல், அடுக்கு என ஒவ்வொன்றையும் பார்த்து எழுதுவது ருக்ஷானாவின் வேலை. வேலை முடிந்துவிட்டது. பெட்டிகளைச் சென்னைக்கு ஏற்றிப்போக லாரியும் வந்து நின்றது.

நிலத்தைப் பிடுங்கப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டு, போன வாரம்தான் ஒரு கூட்டம் வந்து கத்திவிட்டுப் போயிருந்தது. இவர்களும் அதே ரகம் என்று நினைத்தாள்.

"உங்க நெலத்த யாரும் எடுக்கப் போறதில்ல. இது வெறும் ஆராய்ச்சி."

"எங்களுக்கு இங்க நெலம் ஏதுங்க? கரும்பு வெட்ட வந்துபோன ஜனங்க. ஏரிக்கரைக் கரும்புக் கொல்லையாண்ட தொளச்சீங்களே, அதுல எண்பதாவது அடிக் கல்ல மட்டும் காட்டுங்க. போயிடறோம்."

காட்டினால்தான் நகர்வார்கள் போலிருந்தது. பெட்டியைத் தேடித் திறந்தாள். கருஞ்சாம்பல் நிறத்தில் ஓர் உருளை. அதைப் பார்த்ததும் அவளுக்கே எரிச்சல் குறைந்தது.

"மேல செம்மண்ணு, அப்பறம் களி. எண்பது அடியில இது. ஒரு காலத்துல இங்க பெரிய ஆறு ஓடுச்சு. அது கொண்டாந்த சேறு படிஞ்சு படிஞ்சு, கோடிக்கணக்கான வருஷத்துல இப்படிக் கல்லாயிடுச்சு. மனுஷனே பொறக்காத காலம். பாருங்க, ஒரு எல கூட அழியாம அப்படியே பதிஞ்சிருக்குது."

"அழியாதுங்களா?" பொன்னாயி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"சில எடத்துல அழியாது."

"அங்க தண்ணி நிக்குமா?"

"இல்லம்மா, காஞ்ச எடம்."

"குளுருமா?"

"குளுராது. மழை, வெயிலு எதுவும் அங்க எட்டாது. எப்பவும் ஒரே மாதிரி வெதுவெதுன்னு இருக்கும்."

பொன்னாயி நீளமாக மூச்சு விட்டாள். கையை நீட்டிக் கல்லை மெல்லத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

"இதுல ஒரு துண்டு குடுங்கம்மா. கையளவு போதும்," என்றான் கரியன்.

"அய்யய்யோ, அதெல்லாம் முடியாது. எல்லாத்துக்கும் கணக்கு இருக்குது. கல்லுதான் வேணும்னா ரோட்டோரத்துல எவ்ளோ கெடக்குது, எடுத்துக்கினு போங்க."

"மேடம், ஏத்திடலாமா?" லாரி டிரைவர் பாண்டியன் வெளியிலிருந்து குரல் கொடுத்தான்.

ருக்ஷானா பெட்டியை மூடப் போனாள். பொன்னாயி கையை எடுக்கவில்லை. அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. மூடி வந்து விரல்மேல் இடித்தது. அப்போதும் எடுக்கவில்லை.

அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு ருக்ஷானாவால் நிற்க முடியவில்லை. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த முனையைச் சுத்தியலால் தட்டினாள். துண்டு ஒன்று பெயர்ந்து வந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்க."

பொன்னாயி அதை இரண்டு கையாலும் வாங்கி, முந்தானையால் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வூட்டுல பத்திரமா வெச்சிக்கோங்க," என்றாள் ருக்ஷானா.

"வெச்சிக்க இல்லீங்கம்மா, பொதைக்க," என்றான் கரியன். "நாலு வருஷம் முன்ன, நாங்க அந்தக் கொல்லையில கரும்பு வெட்டிக்கினு இருக்கசொல்ல, எங்க பாப்பா மூடாத போர்வெல் குழியில வுழுந்துட்டா. எண்பது அடிக்குப் போயிட்டா, எடுக்க முடியாதுன்னு அப்படியே சிமிட்டி ஊத்தி மூடிட்டாங்க. மலையில அவளுக்குக் குழி வெட்டிட்டு வந்திருக்கோம். உள்ள வெக்கத்தான் ஒண்ணுமில்லாம இருந்துச்சு."