நாலாம் வகுப்பு சார்

1957 ஜூன். பாலக்கரைப் பள்ளிக்கு முந்தின நாள்தான் மேனேஜராக வந்திருந்த அற்புதசாமி அடிகளார், பேட்ரிசியாவின் சான்றிதழைப் பார்த்து மகிழ்ந்தார்.

“ட்ரெயினிங் முடிச்சிருக்கீங்க. நாளையிலிருந்து நாலாம் வகுப்பு உங்களுக்குத்தான்.”

பேட்ரிசியா திடுக்கிட்டாள். “அங்கே ஒரு சார் இருக்காருங்களே, சாமி?”

“அவர் ட்ரெயினிங் இல்லாதவர்மா. ட்ரெயினிங் முடிச்ச ஆள் கிடைக்கிற வரைக்கும்தான் அவர் சம்பளத்துக்கு சர்க்கார் மானியம். இப்போ நீங்க கிடைச்சிட்டீங்களே!”

“கூடுதலா ஒரு டீச்சர் எடுக்கறாங்கன்னு நினைச்சு வந்தேன். எனக்கு வேண்டாம் சாமி. அவருக்கு ரெண்டு பிள்ளைங்க.”

“நீங்க மாட்டேன்னா வேற ஆள் வரும். அவருக்கு எப்படியும் வேலை போயிடும்.”

“நல்லாச் சொல்லிக்கொடுப்பாருங்க. என்னை ட்ரெயினிங்குக்கு மனு போட வெச்சதே அவர்தான்.”

“பாவம், தன் தலையிலே தானே மண்ணைப் போட்டுக்கிட்டாரா!”

அடிகளார் வருத்தத்தோடு பேனாவைத் திறந்தார். “இன்னைக்கே உத்தரவு எழுதணும். அந்த சார் பேரென்ன?”

பேட்ரிசியா வாய் திறக்கவில்லை.

“இவ்வளவு பரிந்து பேசறீங்க, பேர் தெரியாதா?”

அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. கணவன் பெயரை அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.