இரண்டாம் முறை கேட்டபோது

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரையில் காலை வெயில் பட்டு, இரவு பெய்த மழை ஆவியாகிறது. அரசாங்க மனநலத் திட்டத்தில் வேலை செய்யும் வினோதா, நாகலெட்சுமி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, மனச்சோர்வை அளக்கும் கேள்விப் படிவத்தை விரிக்கிறாள். ஆறு மாதத்துக்கு முன் இதே ஒன்பது கேள்விகளைக் கேட்டபோது நாகலெட்சுமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் கணவன் ஆண்டியப்பன்தான் பதில் சொன்னான். இன்று அவள் வேலைக்குக் கிளம்பி, கொழுந்துக் கூடையின் கயிற்றை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். "தூக்கம் எப்படிக்கா இருக்கு?" என்று வினோதா கேட்கிறாள். "அது நல்லாத் தூங்குதுங்க," என்கிறான் ஆண்டியப்பன். நாகலெட்சுமியின் கை நிற்கிறது. "நீங்க சும்மா இருங்க. என்னையத்தானே கேக்குறாங்க." பிறகு வினோதாவிடம் திரும்புகிறாள். "வாரத்துல ரெண்டு நாளு இன்னும் தூக்கம் வர்றதில்ல தங்கச்சி. அப்படியே எழுதுங்க." வினோதா அப்படியே எழுதுகிறாள், மனம் நிறைந்துபோகிறது. ஆண்டியப்பன் சிரித்தபடி தேத்தண்ணி ஊற்ற உள்ளே போகிறான். "ம், அடுத்ததக் கேளுங்க," என்கிறாள் நாகலெட்சுமி.