வெளிப்பாதைக்காரன்

உறைந்த ஏரிமேல் ஐயாயிரம் மீட்டர் சறுக்கோட்டம். இருவர் இருவராக ஓடுவார்கள். சுற்றுக்கு ஒருமுறை உள்பாதைக்காரனும் வெளிப்பாதைக்காரனும் இடம் மாற வேண்டும். அப்போது வெளியிலிருந்து வருபவனுக்குத்தான் முதல் வழி. ஏழு குளிர்காலமாக எய்லிஃபுக்கு ஜோடி தோரால்ஃப். போன வாரம் பயிற்சியில், ஏரியின் அந்தக் கோடியில் பனி உடைந்து தோரால்ஃப் உள்ளே போய்விட்டான். உடல் இன்னும் கிடைக்கவில்லை. வேறு ஜோடி வேண்டாம் என்று எய்லிஃப் தனியாகவே ஓடினான். பட்டத்துக்குப் போதுமான வேகம்தான். கடைசிச் சுற்றில், இடம் மாறும்போது, முதுகை நிமிர்த்தி ஒரு கணம் வேகத்தைக் குறைத்தான். பிறகுதான் வெளிப்பாதைக்குப் போனான். அரை நொடியில் பட்டம் கைவிட்டுப் போயிற்று.

நேரம் பார்க்கும் பெர்கே கத்தினார்: "ஏன்யா நின்னே? பாதையிலே ஒருத்தனும் இல்லையே!"

"அவன் வெளியிலேர்ந்து வந்துட்டிருந்தானே. வழி விடாம எப்படிப் போறது?"

பெர்கே தன் கைகளைப் பார்த்தார். வலக்கையில் எய்லிஃபின் நேரத்தை அளக்கும் கடிகாரம் நின்றிருந்தது. இடக்கையில் தோரால்ஃபுடையது. ஓட்டத்தைத் தொடங்கத் துப்பாக்கி வெடித்ததும் வழக்கம்போல இரண்டையும் அழுத்தியிருந்தார். இடக்கையிலிருந்தது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.