எட்டுப் பேர் வரவில்லை

வருகைப் பதிவேட்டில் அதே எட்டுப் பெயர்களுக்கு நேரே எட்டாவது வாரமாகச் சிவப்பு மையில் கோடு இழுத்தான் திருமூர்த்தி. பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது. அந்தப் பெயர்களைப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

குன்னத்தூரை அடுத்த அந்த ஊருக்குக் கிராம சேவக்காக வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. சிறு விவசாயிகள் தங்கள் காலில் நிற்க வேண்டும், அதற்கு நிலக்கடலைச் சாகுபடியில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பெரிய தோட்டத்துச் சென்னியப்பன் தன் வீட்டு உள்வாசலையே அதற்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். வாரம் தவறாமல் பஸ் நிற்கும் இடத்துக்கு வண்டி வரும். பயிற்சி முடிந்தால் நெய் மணக்கச் சாப்பாடு.

வந்து உட்கார்ந்த பன்னிரண்டு பேரும் அவர் சொந்தக்காரர்கள்தான். ஒருவர் தூணோரம் வெற்றிலையைத் துப்பினார். இருவர் திருப்பூரில் நூல் விலை ஏறியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டார்.

"கடலை போடறதுக்கு எங்களுக்குப் பாடமாங்க?" என்று கொட்டாவி விட்டார் சென்னியப்பனின் மைத்துனர் மருதாசலம். "எங்கப்பன் வெதைச்ச மாதிரியே நானும் ஏருக்குப் பின்னால வீசிட்டு வந்துட்டனுங்க."

கட்டிப்போட்டிருந்த நாய் வழக்கம்போல மதிலைப் பார்த்து விடாமல் குரைத்தது. அதற்கும் மேலே குரலை உயர்த்திக் கத்திக் கத்தித் திருமூர்த்திக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம், வந்தாவது தூங்குகிறார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் தெற்கு வளவில் குடியிருந்த எட்டுப் பேரை நினைத்தால்தான் எரிச்சலாக வந்தது. புறம்போக்கில் ஆளுக்கு இரண்டு ஏக்கர் பட்டா வாங்கியவர்கள். இந்தப் பயிற்சியே அவர்களுக்காக வந்ததுதான். ஒருத்தர் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"நானும் ஆள் உட்டுச் சொல்லிப் பார்த்துட்டனுங்க தம்பி," என்றார் சென்னியப்பன், அவன் இலையில் இன்னொரு கரண்டி நெய்யை ஊற்றியபடி. "சும்மா வந்த நெலம். அக்கறை எங்கிருந்துங்க வரும்? பட்டாவை ரத்து பண்ணச் சொல்லி எழுதுங்க. நம்ம மருதாசலம் எடுத்து நல்லாப் பண்ணுவானுங்க."

அவன் அன்றைக்கே அறிக்கை எழுதிவிட்டான். 'முன்னேற வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர்கள். இவர்களிடம் நிலம் இருப்பது வீண்.' நேரில் விசாரித்ததாக ஒரு வரி சேர்த்து அந்த எட்டுப் பேரிடம் கைநாட்டு வாங்கவேண்டியது மட்டும்தான் பாக்கி.

மறுநாள் காலையில் தெற்கு வளவுக்காரர்களின் காட்டுக்கு நடந்தே கிளம்பினான். இத்தனை வாரத்தில் அந்தப் பக்கம் அவன் போனதில்லை. "மண் ரோடுங்க, செருப்பு பாழாயிடும்" என்று சென்னியப்பன் தடுத்துக்கொண்டே இருந்தார். என்னென்ன சொல்லி அந்த எட்டுப் பேரைக் காறித் துப்பவேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் கோத்துக்கொண்டே வந்தான்.

ஓடையைத் தாண்டியதும் அவன் கால் நின்றுவிட்டது.

பதினாறு ஏக்கரும் விதைப்பு முடிந்திருந்தது. கோடு போட்ட மாதிரி வரிசை. குனிந்து சாண் வைத்து அளந்தான்: வரிசைக்கு வரிசை ஒன்பது அங்குலம். வரப்பில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று சுருட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு முறத்தில் சுருங்கிய பருப்பும் தோல் கிழிந்த பருப்பும் தனியாகப் பொறுக்கி ஒதுக்கப்பட்டிருந்தன. உள்வாசலில் அவன் கத்திய பாடம் முழுக்க இங்கே முளைத்து நின்றது.

முழுக்க என்றும் சொல்ல முடியாது. சில வரிசைகள் பச்சைப் பசேலென்று இருந்தன. சில வரிசைகளில் வெறும் மண்தான் தெரிந்தது.

அவனைக் கண்டதும் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள். முன்னால் நின்ற அங்கமுத்துவின் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"யாரப்பா உங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதானுங்க சாமி."

"நானா?" பையிலிருந்த அறிக்கையை உருவினான். "ஒரு நாளாவது பயிற்சிக்கு வந்தீங்களா? வாய் கூசாமப் பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்லை?"

அங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் நின்ற காளியாத்தாள்தான் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். முளைக்காமல் கிடந்த வரிசைகள் அவளுடையவை.

"கோவிச்சுக்காதீங்க சாமி. மத்ததெல்லாம் நீங்க சொன்னபடியே பண்ணிப்போட்டமுங்க. வெதைய எத்தனை ஆழம் போடோணும்ங்கறதுதான் புரியாமப் போச்சு. ஆளுக்கொரு ஆழமாப் போட்டு, என்ற காட்டுல பாதி மொளைக்கவே இல்லீங்க."

"தெளிவா, 'இத்தனை ஆழம் போதும்'னு வெரலைக் காட்டிச் சொன்னேனே! பன்னிரண்டு பேர் பார்த்தாங்களே! நீங்களும் வந்து உட்கார்ந்து பார்க்கறதுக்கென்ன கேடு?"

காளியாத்தாள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"எட்டு வாரமும் வந்தமுங்க சாமி. பெரிய தோட்டத்துப் பண்ணாடி ஊட்டு வாசல்ல எங்களை ஏத்த மாட்டாங்களே, மதிலுக்கு வெளியில நின்னா வெரலு தெரியலீங்க."