ஜெபசுந்தர் சாரின் கிரேக்கப் படை

"என்ன பண்ணிக்கிட்டு இருக்கீக?"

நைட் டியூட்டி முடிந்து அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமாக வந்த நர்ஸ் கிருபா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கணவர் ஜெபசுந்தர் தன் கிரேக்க வீரர்களை வெந்நீரில் ஊறப்போட்டு, அடியில் ஒட்டியிருந்த அட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஓரங்குல உயர ஈய வீரர்கள். முப்பது வருடத்துக்கு முன் வார்த்தவை. வரலாற்று ஆசிரியரான ஜெபசுந்தர், பிரவுசிங் சென்டரில் தேடித் தேடி இங்கிலாந்திலிருந்து வரவழைத்தவை. லீவு நாளில் மதுரை நண்பரோடு மேஜைமேல் படை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவார். விழாமல் நிற்க, ஒவ்வொரு வீரனையும் காலண்டர் அட்டைத் துண்டில் ஒட்டி மணல் தூவ வேண்டும்.

தினமும் சாயங்காலம் வந்து அந்த வேலையைச் செய்பவர் அடுத்த தெரு வெள்ளைத்துரை. விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனி விபத்தில் வலது கை வெந்து, விரல்கள் விறைத்துப்போனவர்.

"நேத்து அண்ணாச்சி ஒட்டுனதா இது?"

"ஆமா."

"ஏன் பிரிக்கீக?"

"சரியா நிக்கல."

"அந்தக் கைய வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் குனிஞ்சு உக்காந்து ஒட்டுனாரு. கொஞ்சம் கோணலா நின்னா உங்க சண்டை நடக்காதாக்கும்?"

ஜெபசுந்தர் அடுத்த வீரனை எடுத்தார்.

கிருபாவுக்கு மனசு ஆறவில்லை. சாயங்காலம் கணவர் கடைக்குப் போன நேரத்தில் வெள்ளைத்துரையிடம் சொல்லிவிட்டாள்.

"அண்ணாச்சி, நாளைலருந்து வராதீக. நீங்க ஒட்டுறத அவுக காலையில பிச்சுப் போட்டுர்றாக. என் கண்ணால பாத்தேன்."

வெள்ளைத்துரை நிமிரவில்லை. ஒரு வீரனை இரு விரலால் எடுத்து, பசைமேல் நேராக நிறுத்தினார்.

"தெரியும் சிஸ்டர்."

"தெரியுமா?"

"புதுப் பார்சல் வந்துருக்குன்னுதான் சாரு குடுப்பாக. இந்தா, ஈட்டி ஒடிஞ்ச இந்த ஆளு இதோட பதினோரு தடவ பார்சல்ல வந்துட்டான்."

"பெறகு எதுக்கு ஒட்டுதீக?"

"வெரலு மடங்கணும்னு ஆஸ்பத்திரியில நீங்க ஒரு பந்தக் குடுத்து, தெனமும் அமுக்கச் சொன்னீக. வெறும் பந்த அமுக்கிக்கிட்டு உக்கார மனசு வரல. ரெண்டாம் நாளே தூக்கிப் போட்டுட்டேன். அது எப்படியோ சாருக்குத் தெரிஞ்சுபோச்சு. மறுநாளு வீட்டுக்கே வந்து, 'கைவேலைக்கு ஆளில்ல, ஒத்தாசை பண்ணுங்க'ன்னு கூப்பிட்டாக."

வலது கையை நீட்டி மெல்ல மடக்கினார். ஒன்றைத் தவிர எல்லா விரலும் உள்ளங்கையைத் தொட்டன.

"எனக்குத் தெரியும்னு மட்டும் சார்கிட்டச் சொல்லிராதீக, சிஸ்டர். சுண்டுவிரலு இன்னும் பாக்கி இருக்கு."