கோழிக்குப் போன நிறம்

ஒரே மக்காச்சோளக் கதிரில் வெள்ளை மணியும் ஆரஞ்சு மணியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. அம்மா ஒருத்திதான். ஆரஞ்சு மணிக்கு மட்டும் மகரந்தம் பக்கத்து ஆராய்ச்சி வயலிலிருந்து காற்றில் வந்துவிட்டது.

"நம்ம குடும்பத்துல இப்படி ஒரு நிறம் கிடையாது. கொஞ்சம் தள்ளி உக்காரு," என்றது வெள்ளை.

"தள்ள எங்க இடம் இருக்கு?" என்றது ஆரஞ்சு. "இந்த நிறம் கண்ணுக்கு நல்லதாம். அந்த வயல்ல பேசிக்கிட்டாங்க."

"வயல்ல ஆயிரம் பேசுவாங்க. அடுப்படியில என்ன சொல்றாங்கன்னு பாரு."

கதிரை உதிர்த்த பாவாத்தாள், ஆரஞ்சு மணிகளை மட்டும் பொறுக்கி வாசலில் வீசினாள். "இது கோழி திங்கற நிறம். மனுசன் திங்கறதுக்கு வெள்ளைதான்."

கோழி அவற்றை ஒன்றுவிடாமல் கொத்தித் தின்றது. வெள்ளை பெருமையோடு மாவாகி, சில நாள் பானையில் காத்திருந்து, களியாகித் தட்டில் ஏறியது. பக்கத்தில் அந்தக் கோழியின் முட்டை, அவித்து வைத்திருந்தது.

பாவாத்தாள் முட்டையைப் பிட்டு மகளிடம் காட்டினாள். "மஞ்சக்கரு எப்படி ஆரஞ்சா இருக்கு பாரு. கண்ணுக்கு நல்லது. களி கெடக்குது, முதல்ல இதைத் தின்னு."

முட்டை தீர்ந்தது, களி மிஞ்சியது. பாவாத்தாள் அதைக் கோழி முன்னால் கொட்டினாள்.

கோழி தலையைச் சாய்த்துக் களியைப் பார்த்தது. அன்றைக்கு ஆரஞ்சு மணிகள் விழுந்த இடத்தை ஒருமுறை கிளறிப் பார்த்தது. பிறகு, "இது மனுசன் திங்கறதாச்சே," என்று சொல்லிவிட்டு நடந்தது.