வாய் திறக்கும் இளவரசன்

அந்த ஜப்பானியப் படக்கதையை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். சிபிக்கு அது தெரியாது. மனைவி மதுவந்தி ஒரு வருடமாகக் காத்திருந்த புதிய பாகத்தை நம்மூர்ப் புத்தகம்போலத் திறந்து, கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்துவிட்டான்.

“டிராகன் இளவரசன் கதாநாயகிகிட்ட காதலச் சொல்ல வாயத் திறக்கிறான். இடி விழுது. தொடரும்.”

“உங்கள யாரு படிக்கச் சொன்னா?” அவள் புத்தகத்தைப் பிடுங்கினாள். “இந்தத் தடவையும் சொல்லலையா? ஊரையே எரிக்கிற வாய்க்கு ஒரு வார்த்தை வராதாமா?”

“அவளே கேக்கலாம்ல?”

“கேட்டு வாங்க அது என்ன காபியா?”

மணமாகி ஆறு வருடங்களில் அவனும் சொன்னதில்லை. அவள் முறைத்த முறைப்பில் அது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தான். குக்கர் விசிலடித்தது.

அவள் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை.